நெல்லி மரத்தின் பெயரில் ஒரு துறைமுகம்

மலாக்கா,
ஞாயிறு மாலை.

அன்புள்ள நண்பா,

இங்கு வந்து மூன்று நாளாகிறது. ஆற்றங்கரையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உன் பழவேற்காட்டில் துணிப்பொதி ஏற்றிய கப்பல்கள் ஐந்நூறு வருஷங்களுக்கு முன் இந்த ஆற்றுமுகத்தில்தான் நங்கூரம் போட்டன. அதனால் உனக்கே முதல் கடிதம்.

1400ஐ ஒட்டிப் பிறந்த ஊர் இது. பாலெம்பாங் இளவரசன் பரமேஸ்வரன், சிங்கப்பூரை விட்டு ஓடிவந்து இங்கே ஒரு மரத்தடியில் இளைப்பாறினானாம். அவனுடைய வேட்டைநாயை ஒரு சருகுமான் எட்டி உதைத்ததைப் பார்த்து, மானுக்கே துணிச்சல் தரும் மண் என்று இங்கேயே தங்கிவிட்டானாம். சாய்ந்திருந்த மரத்தின் பெயரையே ஊருக்கு வைத்தான் என்கிறார்கள். அந்த மலாக்கா மரம் எது தெரியுமா? நம் நெல்லி!

கதை இருக்கட்டும். ஊரை வளர்த்தது காற்றுதான். அரிசிக்கே ஜாவாவை நம்பியிருந்த ஊர் இது. ஆனால் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத்திசை வணிகர்களைக் கொண்டுவந்தது. வடகிழக்குக் காற்று சீனர்களைக் கொண்டுவந்தது. காற்று மாறும்வரை மாதக்கணக்கில் தங்கியாக வேண்டும். தங்குகிறவனுக்குக் கிடங்கு வேண்டும், ஏமாற்றாத தராசு வேண்டும், வழக்கைத் தீர்த்துவைக்க ஆள் வேண்டும். பரமேஸ்வரனின் வழிவந்த சுல்தான்கள் இதைப் புரிந்துகொண்டு ஷாபந்தர் என்ற துறைமுக அதிகாரிகள் நால்வரை வைத்தார்கள். குஜராத்திகளுக்கு ஒருவர், சீனர்களுக்கு ஒருவர், ஜாவாக்காரர்களுக்கு ஒருவர். தமிழர், வங்காளிகள், பர்மாவின் பெகுக்காரர்களுக்குச் சேர்த்து ஒருவர். அந்த ஏற்பாட்டைத்தான் இந்த ஊரின் மிகப் பெரிய கட்டுமானம் என்பேன். இங்கே 84 மொழிகள் புழங்கியதாகத் தோமே பிரெஸ் என்ற போர்த்துகீசியர் எழுதிவைத்திருக்கிறார்.

1511இல் போர்த்துகீசியத் தளபதி அல்புகெர்க் ஊரைப் பிடித்தார். மசூதிகளையும் அரச கல்லறைகளையும் பெயர்த்தெடுத்த கல்லில் கோட்டை எழுந்தது. முஸ்லிம் வணிகர்கள் பலர் ஆச்சே பக்கம் போய்விட்டார்கள். 1641இல் டச்சுக்காரர்கள், 1824 ஒப்பந்தத்தில் ஆங்கிலேயர்கள். அதற்குள் பினாங்கும் சிங்கப்பூரும் எழுந்து வணிகத்தை இழுத்துக்கொண்டன, ஆற்றுமுகமும் தூர்ந்தது. ஆங்கிலேயர்கள் வெடிவைத்துத் தகர்த்த கோட்டையில் மிஞ்சியது ஒரே ஒரு வாசல். அன்று அதன் அருகே அலையடித்ததாம். இப்போது கடலைத் தூர்த்துக் கட்டிய கடைவீதிதான் தெரிகிறது. அங்கே நிற்கையில் மனம் கனத்தது.

ஆனால் தட்டார் தெருவில் 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் இருக்கிறது. அது மலாக்கா செட்டிகளுடையது. சுல்தான்கள் காலத்திலேயே இங்கு வந்து, உள்ளூர்ப் பெண்களை மணந்து தங்கிவிட்ட நம் வணிகர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். வீட்டில் பேசுவது மலாய். ஆனாலும் போகியன்று முன்னோருக்கு வாழையிலையில் படைக்கிறார்கள். ‘பார்ச்சு’ என்று அதற்குப் பெயர். மறுநாள் பொங்கல்.

ஜனவரியில் விடுப்புப் போட்டுக்கொண்டு வா. போகிக்கு முன்னால் வந்து சேர்.

உன்,
நண்பன்