தென்கயிலையில் நான் காணாத காட்சி

கொங்கு நாட்டில் பிறந்தவர்களுக்கு வெள்ளியங்கிரியை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கோவைக்கு மேற்கே, பூண்டியில் அடிவாரத்துக் கோயில் கொண்டு, ஏழு மலை கடந்து உச்சியில் சுயம்புவாக அமர்ந்திருக்கும் ஆண்டவர் அவர். தென்கயிலாயம் என்று பெரியோர் போற்றும் தலம். வடகயிலையை வலம் வருவதே மரபு. அதன் முடியில் யாரும் கால் வைப்பதில்லை. காரைக்கால் அம்மையார் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்து சென்றதாகப் பெரிய புராணம் கூறும். தென்கயிலையிலோ ஆண்டவர் நம்மைப் போன்ற எளியவர்களையும் தம் உச்சி வரைக்கும் ஏறிவர அனுமதித்திருக்கிறார். ஆனால் எளிதில் அன்று.

நான் அந்த மலையில் இருமுறை ஏறியிருக்கிறேன். முதல்முறை 1984ஆம் ஆண்டு சித்ரா பௌர்ணமிக்கு. இரண்டாம் முறை 2023 மே மாதத் தொடக்கத்தில். இடையில் 39 ஆண்டுகள் போகாததற்கு உத்தியோகத்தையும் ஊர்மாற்றங்களையும் காரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மைக் காரணம் வேறு.

என் தந்தையார் சூலூர்ப் பக்கம் ஒரு பஞ்சாலையில் தொழிலாளியாக இருந்தவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பஞ்சுத் தூசியைச் சுவாசித்த நெஞ்சு. திங்கட்கிழமை வேலைக்குப் போய்வந்தால் இரவெல்லாம் இருமுவார். அப்போது அதை நாங்கள் ஒரு நோயாகவே எண்ணவில்லை. ஆலைக்குப் போகிற எல்லோருக்கும் இருப்பதுதான் என்று விட்டுவிட்டோம். எனக்கு வங்கியில் வேலை கிடைத்தால் மகனோடு வெள்ளியங்கிரி ஏறுவதாக அவர் வேண்டிக்கொண்டிருந்தார். வேலை கிடைத்தது. தெருக்காரர்கள் ஒன்பது பேராகப் புறப்பட்டோம். அப்போது எனக்கு வயது 25, அவருக்கு 54.

அந்நாளில் பாதையில் இன்றிருப்பது போலக் கடைகளும் வெளிச்சமும் கிடையா. ஆளுக்கொரு மூங்கில் தடி, இரண்டு பேருக்கு ஒரு கைவிளக்கு. இரவு எட்டு மணிக்கு அடிவாரத்தில் மனோன்மணி அம்மனையும் ஆண்டவரையும் வணங்கி ஏறத் தொடங்கினோம். முதல் மலை படிக்கட்டுகளால் ஆனது. படி என்றால் வீட்டுப் படி அன்று. முழங்காலை மார்பு வரை தூக்கிவைக்க வேண்டிய கற்கள். வெள்ளை விநாயகர் சந்நிதியை அடைவதற்குள் பாதி உயிர் போய்விடும். பலர் அங்கேயே தோப்புக்கரணம் போட்டுவிட்டுத் திரும்பிவிடுவதுண்டு. பிறகு வழுக்குப்பாறை, பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை. அப்பா பத்து அடிக்கு ஒருமுறை நின்று, தடியின் மேல் இரு கைகளையும் ஊன்றி, மூச்சை இழுத்துக்கொண்டு வந்தார். "அரோகரா" என்று முன்னே போகிறவர்கள் குரல் கொடுப்பார்கள். பதில் குரல் கொடுக்கவும் அவருக்கு மூச்சு போதவில்லை.

ஐந்தாம் மலையில் மரங்கள் குறைந்து புல்வெளி வந்துவிடும். மறைப்பு ஏதும் இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சூலூரிலேயே ஆடி மாதம் ஓட்டைப் பெயர்த்துவிடும் என்றால், கணவாயின் வடக்கு விளிம்பில் நிற்கும் அந்த மலையின் மேல் அது எப்படி வீசும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். அந்தக் காற்றோடு கோடை மழையும் சேர்ந்துகொண்டது. ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி வெப்பம் குறையும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ஈரத் துணியும் காற்றும் சேர்ந்தால் உடம்பு படும் பாடு அந்தக் கணக்கில் வராது.

ஆறாம் மலை இறக்கமாகப் போய் ஆண்டி சுனையில் முடிகிறது. அங்கே நீராடிவிட்டுத்தான் ஏழாம் மலை ஏறுவது வழக்கம். அப்பா சுனை ஓரத்துப் பாறையில் உட்கார்ந்தார். அதற்கு மேல் அவரால் முடியாது என்பது அவர் முகத்தைப் பார்த்தவுடனே தெரிந்தது.

"நீ போயிட்டு வா சாமி. நான் இங்கயே இருக்கறேன்" என்றார். "நீங்களும் வாங்கப்பா, மெல்லப் போலாம்" என்று நானும் ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அவர் தம் மேல் போர்த்தியிருந்த கருப்புக் கம்பளியை எடுத்து, "மேல காத்து சாஸ்தியா இருக்கும், இதைக் கட்டிக்கோ" என்று நீட்டினார்.

நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இந்த ஒரு வரியை எழுத எனக்கு இத்தனை ஆண்டுகள் ஆயிற்று. வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லவில்லை. மற்றவர்கள் முன்னே போய்விட்டார்களே, தரிசனம் தவறிவிடுமே என்பதே அப்போது என் கவலை.

ஏழாம் மலை செங்குத்து. கைகளையும் ஊன்றித்தான் ஏறினேன். உச்சியில், பெரும்பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து உண்டாக்கிய குகையில் ஆண்டவர். விடிகிற நேரம். ஆனால் விடிந்ததற்கு அடையாளமாக இருட்டு வெள்ளையாக மாறியதே தவிர வேறொன்றும் தெரியவில்லை. கை நீட்டினால் விரல் தெரியாத மஞ்சு. பின்னால் வந்தவர்கள் நெருக்க, இரண்டு நிமிடத்தில் கும்பிட்டு வெளியே வந்துவிட்டேன். ஆறாயிரம் அடி உயரத்தில் நின்று நான் கண்டது என் முன்னே நின்றவரின் நனைந்த முதுகை மட்டும்தான்.

இறங்கி வந்து பார்த்தால் பாறையில் அப்பா இல்லை. அந்த நிமிடத்தைப் பற்றி எழுதப் போவதில்லை. சிறிது தள்ளி ஒரு பாறை இடுக்கில், கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து வந்திருந்த இரண்டு பேர் அவரைத் தங்களுக்கு நடுவே இருத்தி, ஈர வேட்டியைக் களைந்துவிட்டு ஒரு சாக்கைச் சுற்றி, உள்ளங்கால்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. அவர்களும் உச்சிக்குப் போக வந்தவர்கள்தாம். இரண்டரை மணி நேரம் அவரை விட்டு நகரவில்லை. "பெரியவரு தனியா கெடந்தாருங்க" என்றார்களே அன்றி, மகன் எங்கே போனான் என்று கேட்கவில்லை. அவர்கள் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அப்பா என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "தரிசனம் நல்லபடியா ஆச்சா? மேல என்ன தெரிஞ்சுது?"

மஞ்சுதான் தெரிந்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இவரை இந்தக் கதியில் விட்டுவிட்டுப் போய் ஒன்றும் காணாமல் வந்தேன் என்று எப்படிச் சொல்வது? "சூரியோதயம் பார்த்தேன்ப்பா. மேற்கே மலையாளச் சீமை, கிழக்கே சமவெளி. நம்ம சூலூர்க் குளம் வெள்ளித் தட்டு மாதிரி மின்னுச்சு" என்றேன். நேர்கோட்டில் பார்த்தாலும் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தூரம். வாயில் வந்ததைச் சொன்னேன்.

அவர் கண்களை மூடிக் கைகூப்பினார்.

அதன் பிறகு அவர் மலையேறவில்லை. நெஞ்சு இடம் கொடுக்கவில்லை. ஆனால் பதினைந்து ஆண்டுகள், 1999இல் காலமாகும் வரை, அந்தக் காட்சியை வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். குளத்தங்கரைக்குக் காற்று வாங்கப் போனால் உடன் வருகிறவரிடம், "நொய்யல் ஆண்டவர் மலையில பொறந்து இந்தக் குளத்துக்கு வருதுல்ல, அதான் அவரு அங்கிருந்து இதைப் பாத்துட்டே இருக்காரு" என்பார். முதல் பாதி முற்றிலும் உண்மை. வெள்ளியங்கிரிச் சாரலில் பெய்யும் மழைதான் ஓடைகளாகத் திரண்டு நொய்யலாகிப் பேரூர்ப் பட்டீசுவரரை வணங்கிக் கோவைக் குளங்களை நிரப்பிக்கொண்டு சூலூர்க் குளத்துக்கும் வந்து, கடைசியில் காவிரியில் கலக்கிறது. காஞ்சிமாநதி என்று புராணப் பெயர் கொண்ட ஆறு. இன்று கோவையைத் தாண்டும்போது அது சுமந்து வருவதைப் பற்றி இங்கே பேசினால் கட்டுரை திசைமாறிவிடும்.

இரண்டாம் பாதி என் பொய். அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் நான் அறையை விட்டு எழுந்து போய்விடுவேன்.

அப்பர் பெருமான் கயிலை காண உடல் தேய ஊர்ந்து சென்றார். போகவொட்டாமல் தடுத்த இறைவன், திருவையாற்றிலேயே அவருக்குக் கயிலைக் காட்சியைக் காட்டியருளினான். உச்சி ஏறாமலே என் தந்தையாருக்கும் அப்படி ஒரு காட்சி வாய்த்தது என்று நெடுங்காலம் என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஆனால் அப்பருக்குக் காட்டியவன் இறைவன். இங்கே காட்டியது ஒரு வங்கி எழுத்தன். எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாத தொகையை வங்கியில் சஸ்பென்ஸ் கணக்கில் வைப்பார்கள். என்றைக்காவது ஒருநாள் நேர் செய்தே தீர வேண்டும். இது என் பெயரில் நின்ற அத்தகைய தொகை.

பணி ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் கழித்து, 64ஆம் வயதில் புறப்பட்டேன். இதயநோயும் மூச்சுத்திணறலும் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை அறிவுறுத்துகிறது. அதை ஏட்டளவு எச்சரிக்கையாகக் கொள்ளக் கூடாது. அண்மை ஆண்டுகளில் அப்பாதையிலேயே உயிரிழந்த பக்தர்கள் உண்டு. நான் மருத்துவரிடம் காட்டி, இரண்டு மாதம் தினமும் குளத்தைச் சுற்றி நடந்து பழகிக்கொண்டேன். மாற்றுத் துணியை நனையாமல் கட்டிக்கொண்டேன். தங்கை மகன் துணைக்கு வந்தான். பெட்டியிலிருந்து அந்தக் கருப்புக் கம்பளியையும் எடுத்தேன். பூச்சி அரித்து ஓரம் போயிருந்தது. "இது எதுக்குங்க மாமா, நான் ஜாக்கெட் வாங்கித் தர்றேன்" என்றான். பதில் சொல்லவில்லை.

பாதை மாறியிருந்தது. அடிவாரத்தில் நெகிழிப் பொருள்கள் இருக்கின்றனவா என்று பையைச் சோதிக்கிறார்கள், நல்ல ஏற்பாடு. வழியில் சுக்குக் காபி கிடைக்கிறது. மாறாதது காற்றும் மழையும். ஐந்தாம் மலை தாண்டும்போது பிடித்துக்கொண்டது. கைவிளக்கின் ஒளியில் மழை படுக்கையாகப் பறப்பதைப் பார்த்தேன். வேட்டி காலில் ஒட்டிக்கொண்டு நடையைத் தடுத்தது. மருமகன் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, "முடியலைன்னா திரும்பிரலாம்ங்க மாமா, அடுத்த வருசம் வரலாம்" என்றான். முன்னே ஓடிவிட வேண்டும் என்ற எண்ணம் அவனிடம் துளியும் இல்லை.

ஆண்டி சுனையில், பழைய இடம் என்று நான் நம்பிய பாறையில் உட்கார்ந்தேன். கம்பளியைக் கழற்றி மருமகனிடம் கொடுத்தேன். ஒரு மணி நேரம் அப்படியே இருந்து பார்ப்பது என்று வீட்டிலேயே முடிவு செய்திருந்தேன். அவன் பயந்துபோனான். முதலில் விரல்கள் மரத்தன. பிறகு தாடை தானாக ஆடத் தொடங்கியது. பல்லைக் கடித்தும் நிறுத்த முடியவில்லை. மந்திரம் சொல்லப் பார்த்தேன். நமச்சிவாய என்ற ஐந்தெழுத்தில் இரண்டாவது எழுத்துக்கு மேல் நாக்கு புரளவில்லை. எழுந்துவிட்டேன். கடிகாரத்தைப் பார்த்தால் பதினேழு நிமிடம் ஆகியிருந்தது.

அவர் இருந்தது இரண்டரை மணி நேரம். அதுவும் அந்த நெஞ்சோடு.

உடம்பைத் துடைத்து, காய்ந்த துணி மாற்றி, கம்பளியைச் சுற்றிக்கொண்டு ஏழாம் மலை ஏறினேன். அரை மணியில் ஏறவேண்டியதற்கு ஒன்றேகால் மணி ஆயிற்று. நான்கு காலில் ஊர்ந்த இடங்களும் உண்டு. குகைக்குள் கற்பூர ஒளி காற்றில் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. ஆண்டவரின் மேல் வில்வமும் விபூதியும். இம்முறை யாரும் நெருக்கவில்லை. எதையும் கேட்கத் தோன்றவில்லை. அப்பாவின் பெயரை மட்டும் உரக்கச் சொன்னேன்.

வெளியே வந்து கிழக்கு நோக்கி நின்றேன். நான் சொன்னது ஒருவேளை உண்மையாக இருந்துவிடாதா என்ற ஆசை மனத்தின் ஓரத்தில் இருந்தது. விடிந்தது. இருட்டு வெள்ளையாக மாறியது. மஞ்சு அசையவில்லை. முக்கால் மணி நேரம் நின்றோம். "ஒண்ணும் தெரியலைங்களே மாமா" என்றான் மருமகன்.

வீடு வந்து சேர்ந்தபோது இரவாகிவிட்டது. என் தாயார் எண்பத்தைந்து வயதில் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். விபூதியைக் கொடுத்து விழுந்து வணங்கினேன்.

"உங்கப்பா சொல்லுவாரே, குளம் வெள்ளித் தட்டாட்டம் தெரியும்னு. தெரிஞ்சுதா கண்ணு?"

"இல்லைங்கம்மா. மஞ்சு மூடிருச்சு. அன்னிக்கும் எனக்கு ஒண்ணும் தெரியலை. அப்பாகிட்ட நான் பொய் சொல்லிட்டேன்" என்றேன்.

அம்மா வெகுநேரம் பேசவில்லை. விபூதியை நெற்றியில் இட்டுக்கொண்டு, மீதியை அப்பாவின் படத்துச் சட்டத்தில் தடவினார்கள். பிறகு என் ஈரக் கம்பளியைக் கையில் வாங்கிப் பிழிந்து பார்த்தார்கள்.

"மலைமேல நல்ல மழையா?"

"நல்ல மழைங்கம்மா. ராத்திரி பூராவும்."

"அப்பக் குளத்துக்குத் தண்ணி வரும்" என்றவாறே கம்பளியைக் கொடியில் போடப் போனார்கள்.