நோட்டீஸில் இருந்த இன்னொரு பை

போன ஆவணியில், விதைப்புக்கு முன்னால், கயத்தாறு பக்கத்து விவசாயி ஒருவர் ஒரு நோட்டீஸை என் மேஜையில் விரித்தார். இரண்டு மக்காச்சோளக் கதிர்ப் படங்கள். ஒன்று நுனி வரை மணி பிடித்தது. கீழே கம்பெனி பெயர். மற்றது நுனி சூம்பியது; கீழே ‘மற்ற விதை’ என்று மட்டும். ஆனால் பின்னால் தெரிந்த பையின் நிறத்தைப் பார்த்தால் அது எந்தக் கம்பெனி என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகள்கூடச் சொல்லிவிடும்.

“சார், இப்படி அடுத்தவன் சரக்கை மட்டமா போடலாமா? அச்சடிச்சுப் போட்டிருக்கான்னா உண்மையாத்தானே இருக்கும்?”

இரண்டாவது கேள்விதான் என்னைச் சுட்டது. அந்தக் கதிர்களை தை மாத வயல் விழாவில் நானே பார்த்தேன். நல்ல கதிர் நின்ற பாத்தி கிணற்றை ஒட்டி இருந்தது. தண்ணீர் பாய்ந்த ஈரம் தெரிந்தது. சூம்பிய கதிர் மேட்டுக் கரிசலில், வெறும் மானாவாரியில் நின்றது. பார்த்தேன். சால்வையை வாங்கிக்கொண்டு, பேசிவிட்டு வந்தேன்.

“போடக்கூடாது அண்ணாச்சி” என்றேன். சொட்டு நீலம் விஷயத்தில் இதே வழக்கு நடந்திருக்கிறது. உஜாலா விளம்பரத்தில் ராபின் புளூ என்ற பெயரே வரவில்லை. பாட்டில் வடிவமும் 10 ரூபாய் விலையும் காட்டிக்கொடுத்துவிட்டன. 1999-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் தடை போட்டது. என் சரக்குதான் உலகத்திலேயே உசத்தி என்று பீற்றலாம், பொய்யானாலும் சரி. அடுத்தவர் சரக்கு மட்டம் என்று சொல்லக்கூடாது என்பது அந்தத் தீர்ப்பு. பொய்க்கு இவ்வளவு இடமா என்று எனக்கும் தோன்றியது. 2008-ல் கோல்கேட் – ஆங்கர் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், வாங்குகிறவர் நலனையும் பார்க்கவேண்டும் என்று சொல்லி, ‘ஒரே பற்பசை’ என்ற பேச்சை நிறுத்தியது.

பெயர் சொல்லி ஒப்பிடுவதே குற்றமில்லை. 1999 வணிகச் சின்னச் சட்டம், நேர்மையான வியாபார நடைமுறையாக இருந்தால் அடுத்தவர் பெயரைப் பயன்படுத்த விடுகிறது. ஒரே மண், ஒரே விதைப்பு நாள், ஒரே தண்ணீர் என்று வைத்துக் காட்டினால் யார் குறை சொல்வது?

ஆனால் அந்த வழக்கெல்லாம் கம்பெனிக்கும் கம்பெனிக்கும். நமக்கு வழி நுகர்வோர் சட்டம். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 2012-ல், தேசிய விதைக் கழக வழக்கில் சொல்லிவிட்டது. 2019 சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய ஆணையம் 10 லட்சம் வரை அபராதம் போடலாம். நஷ்டத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருடத்துக்குள் மனுக் கொடுக்கவேண்டும். பில், பையில் தைத்த அட்டை, ஒரு கைப்பிடி விதை, இவற்றோடு அந்த நோட்டீஸையும் பத்திரமாக வையுங்கள். நோட்டீஸைத்தான் எல்லோரும் பொட்டலம் மடித்துத் தொலைக்கிறோம்.

அவர் அதற்குள் 3 பை வாங்கிவிட்டிருந்தார். கார்த்திகையில் மழை ஏமாற்றியது, கதிர் சூம்பியது. விதையா, மழையா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. கிணற்றடிப் பாத்தியைப் பற்றி மட்டும் அவரிடம் சொன்னேன். “அன்னைக்கே மைக்குல சொல்லியிருக்கலாமே சார்” என்றார்.

இந்தத் தை மாதமும் வயல் விழாவுக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு பாத்திக்கும் எத்தனை தண்ணீர் விட்டீர்கள் என்று கேட்டேன். பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். அப்புறம் போன் வரவில்லை.