பன்னிரண்டாயிரம் ரூபாயும் ஒரு கையெழுத்தும்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு பஞ்சாயத்து. குற்றவாளியும் நான்தான், தீர்ப்பு சொல்ல வேண்டியவனும் நான்தான்.

விஷயம் இதுதான். ஏ.எம்.இ., அதாவது விமானப் பராமரிப்புப் படிப்பு முடியப் போகிறது. ஒரு நிறுவனத்தில் டிரெய்னி டெக்னீஷியனாக வரச் சொல்லியிருக்கிறார்கள். மாதம் 12,000 ரூபாய், ஷிப்ட் வேலை. அதே வாரம் பெரியம்மா பையன் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் சம்பளத்தில் ஐ.டி.யில் சேர்ந்துவிட்டான். "உனக்கும் அங்க சப்போர்ட் வேலை கேட்டுப் பாக்கறேங்கறான்டா" என்றார் அம்மா.

அப்புறம் பழைய டைரியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். பழவந்தாங்கலில் மூன்று பேர் சேர்ந்து ரூம் எடுத்தால் என் பங்கு 4,000. சாப்பாடு 4,500. ரயில் பாஸ், போன், சோப்பு, சீப்பு 1,500. மீதி 2,000. கல்விக் கடன் தவணை 5,200.

"மிச்சத்தை யாரு கட்டுவா, ஏரோப்ளேனா?"

பதில் சொல்ல முடியவில்லை. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

ஆரம்பச் சம்பளம் ஏன் இவ்வளவு குறைவு? புதிதாக வருபவனுக்குக் கையெழுத்துப் போடும் உரிமை கிடையாது. டி.ஜி.சி.ஏ. நடத்தும் மாட்யூல் தேர்வுகளில் ஒவ்வொன்றிலும் 75 சதவீதம் எடுக்க வேண்டும். ஓடுகிற விமானங்களில் வேலை செய்த அனுபவத்தை லாக் புக்கில் காட்ட வேண்டும். இன்ஜின், பாடி பக்கம் போகிறவனுக்கு பி1, ஏவியானிக்ஸ்காரனுக்கு பி2 லைசென்ஸ். அதற்குப் பிறகு ஏ320 போல ஒரு ரகத்துக்கு டைப் ரேட்டிங். இவ்வளவும் தாண்டினால்தான் "இந்த விமானத்தைப் பறக்க விடலாம்" என்று கையெழுத்துப் போட முடியும். சம்பளம் நிமிர்வதும் அங்கேதான். அதுவரை பொறுமைதான்.

சரி, அப்படி என்ன பிடித்துத் தொலைத்தது என்று கேட்பீர்கள். பயிற்சிக்குப் போனபோது இரண்டு போல்ட்டுக்கு லாக் வயர் போடச் சொன்னார்கள். போல்ட் தளரப் பார்த்தால் கம்பி அதை இறுக்குகிற பக்கமாக இழுக்க வேண்டும். நான் திசை மாற்றிச் சுற்றிவிட்டேன். சீனியர் அண்ணன் ஒன்றும் பேசாமல் வெட்டிப் போட்டார். மறுபடி போட்டேன். முறுக்கு சரியில்லை, மறுபடி வெட்டினார். நான்காவது தடவைதான் தலையாட்டினார். மறுநாள் காலை அந்த விமானம் ஏறிப் போனதைத் திரிசூலம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நின்று பார்த்தேன். உள்ளே இருந்த ஒருவருக்கும் என்னைத் தெரியாது. எனக்கு அது போதுமாக இருந்தது.

ஆனால் "போதும்" என்று சொல்வதில்தான் ஒரு ஆபத்து இருக்கிறது.

1990 ஜூன் 10. பர்மிங்காமிலிருந்து மலகா கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விமானத்தில், சுமார் 17,000 அடி உயரத்தில் காக்பிட்டின் முன்கண்ணாடி ஒன்று பிய்த்துக்கொண்டு போனது. கேப்டன் பாதி உடம்பு வெளியே தொங்க, பணியாளர்கள் காலைப் பிடித்துக்கொண்டார்கள். துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் உட்பட எல்லோரும் பிழைத்தார்கள். காரணம் போல்ட். புதுக் கண்ணாடியில் மாட்டிய 90-ல் 84 போல்ட்டின் விட்டம் 0.026 அங்குலம் குறைவு, மீதி 6 நீளம் குறைவு. முந்தின நாள் விடியற்காலை இருட்டில், ஆள் பற்றாத ஷிப்டில், மேலாளரே தனியாக மாட்டியது. போல்ட்டைக் கண் அளவில் பார்த்து எடுத்திருந்தார். இன்னொருவர் சரிபார்க்கவில்லை.

அவர் சோம்பேறி இல்லை. வேலை நின்றுவிடக் கூடாது என்று தானே இறங்கிச் செய்தவர். வேலை மேல் உள்ள பிடிப்பு தூக்கத்துக்கும் ஆள் பலத்துக்கும் ஈடாகாது. அதேபோல "எனக்குச் சம்பளம் முக்கியமில்லை" என்று நான் பெருமையாகச் சொன்னால் அது என் தியாகம் மட்டும் இல்லை. கடனை அடைக்க ராத்திரி ஷிப்ட் முடிந்து பகலில் இன்னொரு வேலை பார்த்தால், அரைத்தூக்கத்தில் போல்ட் மாட்டப் போவது நான்தான். ஆசைப்பட்டு வருகிறவனிடம் பேரம் பேசுவது சுலபம் என்பது முதலாளிகளுக்கும் தெரியும்.

அம்மாவிடம் இன்னொரு அஸ்திரமும் இருந்தது. 2012-ல் கிங்ஃபிஷர், 2019-ல் ஜெட் ஏர்வேஸ், 2023-ல் கோ ஃபர்ஸ்ட், மூன்றும் பறப்பதை நிறுத்தின. "பெரிய கம்பெனியே நிக்கலியேடா." உண்மைதான். ஆனால் கம்பெனி போனாலும் லைசென்ஸ் கையில் இருக்கும், அதை எடுத்துக்கொண்டு அடுத்த ஹேங்கருக்குப் போகலாம் என்றேன். முதல் தடவையாக அம்மா எதிர்க்கேள்வி கேட்கவில்லை.

கடைசியில் எழுதி வைத்த தீர்ப்பு இது. சேருகிறேன். மூன்று வருஷக் கெடு. மாதம் குறைகிற 3,200 ரூபாயை அப்பா கடனாகத் தருவார், தானமாக இல்லை. டைரியில் வரவு வைக்கப்படும். பகலில் வேறு வேலை கிடையாது, தூக்கம்தான். கெடுவுக்குள் லைசென்ஸ் வரவில்லை என்றால் பெரியம்மா பையனுக்குப் போன் போடுவேன், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன்.

அம்மா டைரியை நீட்டி, "கையெழுத்துப் போடு" என்றார்.

போட்டேன். இப்போதைக்கு நான் போடக்கூடிய கையெழுத்து அது ஒன்றுதான்.