மிதத்தலும் விளங்குதலும்

கரையோரக் கிராமமொன்றின் பாடசாலையிலே தமிழ் கற்பிப்பவர் நாம். விஞ்ஞான ஆசிரியர் மாற்றலாகிச் சென்றபின், புதியவர் வரும்வரை பத்தாந் தரத்தின் விஞ்ஞான பாடமும் நம் தலையில் விழுந்தது. அப்போது நடந்ததொன்றை ஆசிரிய நண்பர்களுக்குச் சொல்ல விழைகின்றோம்.

ஆக்கிமிடீசின் தத்துவத்தை முதல்நாள் கரும்பலகையில் எழுதிப் பாடமாக்கச் செய்திருந்தோம். மறுநாள், "மேலுதைப்பு என்றால் என்ன?" என்று வினவினோம். இடம்பெயர்ந்த திரவத்தின் நிறைக்குச் சமனான விசை என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் ஒப்புவித்தது. ஓரெழுத்துப் பிழையில்லை. "அப்படியாயின், ஆணி அமிழ்கின்றது; இரும்புக் கப்பல் மிதப்பது ஏன்?" என்றோம். மௌனமே விடையாயிற்று. குற்றம் பிள்ளைகளுடையதன்று, நம்முடையது. வாக்கியத்தைக் கொடுத்தோமேயன்றிப் பொருளைக் கொடுத்தோமில்லை.

கற்பவர் முன்னரே அறிந்திருப்பதிலிருந்தே கற்பித்தல் தொடங்கவேண்டும் என்பது ஓசுபெல் என்னும் உளவியலாளரின் கொள்கை. அதனை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகத்திலே யோசப் நொவாக்கும் அவர்தம் குழுவினரும் 1972இல் எண்ணக்கரு வரைபடத்தை உருவாக்கினர். எண்ணக்கருக்களைக் கட்டங்களில் எழுதி, அம்புக்குறிகளால் இணைத்து, ஒவ்வோர் அம்பின் மீதும் ஓர் இணைப்புச் சொல்லை எழுதுவதே அதன் முறை. தமிழ் படித்த நமக்கு அதன் நுட்பம் எளிதில் விளங்கிற்று: கட்டத்தில் இருப்பது பெயர், அம்பின்மேல் வருவது வினை. வினை வந்ததும் வாக்கியம் பிறக்கின்றது. பிறந்த வாக்கியம் மெய்யா பொய்யா என்று சோதிக்கலாம்.

நிறை, கனவளவு, அடர்த்தி, மேலுதைப்பு, இடம்பெயர்ந்த நீர், மிதத்தல், அமிழ்தல் என்னும் ஏழு சொற்களைக் கொடுத்தோம். ஒரு குழு நிறையிலிருந்து அமிழ்தலுக்கு நேரே அம்பு வரைந்தது: 'நிறை கூடியது அமிழும்.' இன்னொரு குழு தானாகவே ஒரு கட்டத்தைச் சேர்த்து, 'மரம் மிதக்கும்' என்றது. கருங்காலி மரமாயினும் நீரில் அமிழும் என்றோம், வியந்தனர். ஆனால் எந்தப் படத்திலும் மேலுதைப்புக்கும் இடம்பெயர்ந்த நீருக்கும் இடையே அம்பு இல்லை. வாய் ஒப்புவித்ததைக் கை அறியவில்லை.

அப்போது கடைசி வாங்கிலிருந்து ஒரு குரல் எழுந்தது. விடியலிலே தந்தையின் வலையிலிருந்து மீன் கழற்றிவிட்டு வந்து, வகுப்பிலே கண்ணயரும் மாணவன் அவன்.

"சேர், மீன் கூடப் பட்டால் வள்ளம் இன்னும் கொஞ்சம் பதியும். பதியப் பதியக் கூடத் தண்ணியைத் தள்ளும். அந்தத் தண்ணிதானே வள்ளத்தைத் தாங்குது?"

வகுப்பு நிமிர்ந்தது. பாரம் கூடும்போது வள்ளம் மேலும் பதிகின்றது, இடம்பெயரும் நீர் கூடுகின்றது, மேலுதைப்பும் கூடுகின்றது, அது நிறைக்குச் சமனாகுமிடத்தில் வள்ளம் நின்று மிதக்கின்றது. ஆணியோ முற்றாக அமிழ்ந்தாலும் தன் நிறையில் ஏறத்தாழ எட்டிலொரு பங்கு நீரையே தள்ளவல்லது, ஆதலால் தாழ்கின்றது. உட்குழிவான கப்பல், தன் இரும்பின் கனவளவிலும் பன்மடங்கு நீரைத் தள்ளுகின்றது. விடுபட்ட அம்பைக் கரும்பலகையில் வரைந்தவன் அவனே.

இதற்கு மூன்று பாடவேளைகள் சென்றன. பாடத்திட்டம் பின்தங்கிற்று என்று நம்மைக் கடிந்தோரும் உளர். மறுப்பதற்கில்லை. ஆனால் நமது குறிப்பேட்டிலே அச்சிறுவனின் பெயருக்கு எதிரே 'மந்தம்' என்று நாமே எழுதியிருந்தோம். அன்று மாலை அச்சொல்லை வெட்டினோம்.

கடலோடு மல்லாடி வாழும் மக்களின் அறிவு பாடசாலை வாயிலிலேயே நின்றுவிடுகின்றது. உள்ளே நாம் வேறோர் அறிவை ஒப்புவிக்கச் செய்கின்றோம். இரண்டையும் இணைக்கும் அம்பை வரைவது ஆசிரியர் கடன். நண்பர்களே, அடுத்த பாடத்தைத் தொடங்குமுன், கடைசி வாங்கில் இருப்பவன் எதனை அறிவான் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.