விலக்குக் கடிதமும் ஒரு குழந்தையின் மூச்சும்

"சாமி, நாங்க சொந்தத்துல கட்டிக்கிட்டதுதான் குத்தமா?"

இராசிபுரம் பக்கத்து இளந்தாய் ஒருத்தி கேட்டாள். அத்தை மகனை அவள் மணப்பதற்கு, இரத்த உறவுத் தடையிலிருந்து விலக்குக் கோரி ஆயருக்குக் கடிதம் எழுதியவனே நான்தான்.

நிறைமாதத்தில் பிறந்த குழந்தை. முதல் நாளே மூச்சுத் திணறல். மருத்துவமனையிலேயே அவசரமாக ஞானஸ்நானம் கொடுத்தேன். பன்னிரண்டாம் நாள் அடக்கமும் செய்தேன். இரத்தச் சோதனையின் முடிவு பிறகே வந்தது: ஏபிசிஏ3 என்னும் மரபணுவில் பழுது.

நுரையீரலின் காற்றறைகள் நனைந்த துணிபோல் ஒட்டிக்கொள்ளாதிருக்க, கொழுப்பாலான மெல்லிய பூச்சு ஒன்று வேண்டும். கருவின் கடைசி மாதங்களில் அதை ஆக்கிச் சேமிக்கும் உயிரணுக்கள் இந்த மரபணுவையே நம்பியுள்ளன. பழுது இருப்பினும் கருவறையில் ஒன்றும் தெரியாது. அங்கே பிராணவாயு தருவது தொப்புள்கொடியன்றோ! பிறந்தபின்தான் காற்றறைகள் மூச்சுக்கு மூச்சு சுருங்கிவிடும். இவ்வுண்மை 2004ஆம் ஆண்டில்தான் வெளியாயிற்று.

பெற்றோரிடம் பழுதான மரபணு ஒன்றும் நல்லது ஒன்றும் இருந்தால் அவர்கள் நலமாகவே வாழ்வர். பிள்ளையிடம் பழுதான இரண்டும் சேரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் மரபணுக்களில் சுமார் எட்டில் ஒரு பங்கு பொதுவானது. ஆகவே ஒரே பழுது இருவரிடமும் இருக்க ஏது அதிகம். அந்நியத்தில் மணந்தோர்க்கும் இது நேரலாம்.

"குற்றமில்லையம்மா" என்றேன். அது மெய்யே. ஆயினும், அன்று கடிதம் எழுதுமுன் நான் விசாரித்தது மணமக்களின் சம்மதத்தையும் குடும்ப நிலத்தையும் பற்றியே. "உங்கள் வழியில் பிறந்தவுடன் இறந்த சிசுக்கள் உண்டா?" என்று கேட்கவில்லை.

இப்போது கேட்கிறேன். சில பெரியவர்கள் முகம் சுளித்து எழுந்து போகிறார்கள். சிலர், ஒரு பாட்டியின் பெயரைச் சொல்லிவிட்டு மௌனமாகிறார்கள்.