புல்லட்டா, பேட்டரியா?

காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பர் உயிரை எடுத்துவிட்டது. இப்போது லீவு. அதனால் ஒரு பெரிய பஞ்சாயத்துக்குத் தீர்ப்பு சொல்லலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். பெட்ரோல் வண்டி கெத்தா, கரண்ட் வண்டி கெத்தா?

அமெரிக்காவில் இந்தச் சண்டை மசில் கார் பெயரில் நடக்கிறது. சாதாரண காருக்குள் ராட்சத வி8 இன்ஜினைத் திணித்தால் அது மசில் கார். 1964-ல் வந்த பாண்டியாக் ஜிடிஓ-வைத்தான் அந்த வம்சத்தின் கொள்ளுத்தாத்தா என்பார்கள். டாட்ஜ் கம்பெனி 2023 டிசம்பரோடு வி8 சேலஞ்சரை நிறுத்திவிட்டு, அடுத்த வருஷம் சார்ஜர் டேடோனா என்று ஒரு பேட்டரி காரை இறக்கியது. பெரிய மாடல் 670 குதிரைசக்தி. எல்லாம் சரி, சத்தம்? அதற்காகவே ஒரு கருவியைப் பொருத்தி, 126 டெசிபல் வரை செயற்கையாக உறும வைத்தார்கள். நிஜ சிங்கம்தான், கர்ஜனை மட்டும் டப்பிங்! பிறகு அதே உடம்பில் ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினையும் கொண்டுவந்துவிட்டார்கள்.

நம் நாட்டில் மசில் கார் என்றால் பெரிசுகள் காண்டஸாவைச் சொல்வார்கள். 1984 முதல் 2002 வரை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்தது. பார்க்க பயில்வான். ஆனால் முதலில் வந்ததற்குள் இருந்தது நம்ம அம்பாசிடரின் 1489 சிசி இன்ஜின்தான். இப்போது மஹிந்திரா பிஇ 6 என்று ஒன்று வந்திருக்கிறது. 2024 நவம்பரில் சென்னையில்தான் அறிமுகம் செய்தார்கள். 79 யூனிட் பேட்டரி, 286 குதிரை. உள்ளே வரும் ஒலிகளை அமைத்துக் கொடுத்தவர் ஏ.ஆர்.ரகுமான். கார் சத்தத்துக்கும் மியூசிக் டைரக்டர் போடும் காலம்.

சரி, மேட்டருக்கு வருவோம். அரியலூர் - பெரம்பலூர் ரோட்டில் மேலே சொன்ன எதுவும் ஓடி நான் பார்த்ததில்லை. எங்கள் ஊர் மசில் கார் புல்லட்தான். (ஆர்எக்ஸ் 100 ரசிகர்கள் அடிக்க வராதீர்கள். 98 சிசியில் 11 குதிரை, 1985-லிருந்து 1996 வரை. உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் எங்கள் வீட்டில் நிற்பது புல்லட்.)

அது தாத்தா வாங்கிய 1986 மாடல். இப்போது சித்தப்பாவிடம் இருக்கிறது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்துக் கம்பெனியும் சேர்ந்து திருவொற்றியூரில் ஆரம்பித்த வண்டி வம்சம் இது. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஸ்டார்ட் பண்ணுவது ஒரு பூஜை மாதிரி. டிகம்ப்ரஸர் லீவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மிதித்து, ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வந்ததும் லீவரை விட்டு ஒரே உதை. முள் நடுவில் இல்லாமல் அவசரப்பட்டு உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். சித்தப்பா ஒருமுறை பத்து நாள் நொண்டினார்.

அந்த டுப்பு டுப்பு சத்தத்துக்கு என்ன காரணம் தெரியுமா? ஒரே சிலிண்டர். பிஸ்டன் 90 மில்லிமீட்டர் ஏறி இறங்குகிறது, அகலமோ 70 மில்லிமீட்டர்தான். நிறுத்தி வைத்திருக்கும்போது இன்ஜின் நிமிஷத்துக்கு ஆயிரம் சுற்று சுற்றுகிறது என்றால், ரெண்டு சுற்றுக்கு ஒரு வெடி, அதாவது ஒரு நொடிக்கு எட்டு வெடி. வேகமான வண்டிகளில் வெடிகள் ஒன்றோடொன்று கலந்து ஊளையாகிவிடும். புல்லட்டில் மட்டும் காதால் கிட்டத்தட்ட எண்ண முடிகிறது. சித்தப்பா வருவது தெருமுனையிலேயே தெரிந்துவிடும், நாங்கள் டிவியை அணைத்துவிட்டுப் புத்தகத்தை எடுக்க நேரம் கிடைக்கும். பேட்டரி வண்டியில் இந்த வசதி இல்லை :-)

இழுவையில் மட்டும் பெட்ரோல் கட்சி கொஞ்சம் அடக்கி வாசிக்கணும். இப்போது வரும் புல்லட் 350-ன் டார்க் 27 நியூட்டன் மீட்டர், அதுவும் 4000 ஆர்பிஎம்முக்கு ஏறினால்தான். வண்டி எடை 195 கிலோ. ஓசூரில் செய்யும் ஏத்தர் 450எக்ஸ் ஸ்கூட்டருக்கு 26. எடை சுமார் 110 கிலோ. (கியர் பெருக்கிக் கொடுப்பது தனிக் கணக்கு, அதற்குள் போகவில்லை.) கரண்ட் மோட்டார் நின்ற இடத்திலேயே முழு இழுவையையும் கொடுத்துவிடும், ஆர்பிஎம் ஏறும்வரை காத்திருக்க வேண்டாம். சிக்னலில் பச்சை விழுந்ததும் காய்கறிப் பை மாட்டிய ஸ்கூட்டர் அக்கா புல்லட் அண்ணனைத் தாண்டிப் போவது இதனால்தான். அண்ணன்களின் முகத்தை அப்போது பார்க்கணும்.

இப்போது எங்கள் வீட்டுப் பிரச்சினை. பெரம்பலூரில் ரயிலும் கிடையாது, பஸ்ஸை விட்டால் அடுத்ததற்குக் காத்திருக்கணும். அம்மா வேலைக்குப் போய்வர தினமும் 60 கிலோமீட்டர், ஒரு பழைய பெட்ரோல் ஸ்கூட்டரில். அதற்கு ரீபோர் பண்ணணும், அதுவும் தாங்குமா தெரியாது என்று மெக்கானிக் அண்ணன் சொல்லிவிட்டார். எலெக்ட்ரிக் வாங்கலாம் என்றேன். அப்பா சொன்ன யோசனை: புல்லட்டை விற்று வாங்கு. சித்தப்பா ரெண்டு நாள் வீட்டுப்பக்கமே வரவில்லை. மூணாவது நாள் வந்து என்னிடம் மட்டும் கேட்டார்: "ஏம்மா, நீ காமர்ஸ் படிக்கிற புள்ளதான? விக்காம முடியுமான்னு கணக்குப் போட்டுச் சொல்லேன்."

போட்டேன். மாதம் 25 நாள், 1500 கிலோமீட்டர். அம்மாவின் ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கொடுக்கிறது. பெட்ரோல் நூறு ரூபாய் என்று வைத்தால் மாதம் 3,333. பேட்டரி ஸ்கூட்டர் நூறு கிலோமீட்டருக்கு மூன்றரை யூனிட் குடிக்கும் என்று வைத்து, யூனிட்டுக்குத் தாராளமாக 8 ரூபாய் போட்டாலும் மாதம் 420. மிச்சம் 2,900 சொச்சம்.

இன்னொரு பக்கம் தேய்மானம். 1962 வருமான வரி விதிகளின் அட்டவணையில் சாதாரண காருக்கு 15 சதவீதம், மின் வண்டிக்கு 40 சதவீதம் போட்டிருந்தார்கள். அது வாங்கத் தூண்டுவதற்கான சலுகை. ஆனால் நிஜ வாழ்க்கையிலும் பேட்டரி வண்டியின் மதிப்பு வேகமாகத்தான் இறங்குகிறது. 1986 புல்லட்டோ வருஷா வருஷம் ஏறுகிறது. ஏறுகிற சொத்தை விற்று இறங்குகிற சொத்தை வாங்கு என்று எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை.

அம்மாவுக்கு வேறு பயம். 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறி அப்பாவும் மகளும் இறந்த செய்தியை மறக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வருஷம் டிசம்பரிலிருந்து பேட்டரி சோதனை விதிகளைக் கடுமையாக்கினார்கள். இருந்தாலும் சார்ஜ் போடுவது வாசல் திண்ணையில்தான், ராத்திரி தூங்கும்போது கிடையாது என்று முடிவு. எனக்குள்ள பயம் லாரி. அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு பறக்கும் லாரிகளுக்கு நடுவே சத்தமே இல்லாத வண்டி. ஹாரனை அடித்துக்கொண்டேதான் போகணும்.

ரிப்பேர்தான் உதைக்கிறது. புல்லட் நின்றால் பிளாட்டினத்தைத் தேய்த்து, பிளக்கைத் துடைத்து, புளியமரத்தடியிலேயே சரிபண்ணிவிடலாம். என் கிளாஸ்மேட்டின் கரண்ட் ஸ்கூட்டர் நடுரோட்டில் ஸ்கிரீனில் ஏதோ எர்ரர் காட்டி நின்றது. திருச்சிக்கு டெம்போவில் ஏற்றி, பதினொரு நாள் கழித்துத் திரும்பி வந்தது. சாஃப்ட்வேராம். எங்கள் மெக்கானிக் அண்ணன் கடையில் ஸ்பானர் இருக்கிறது, அந்தக் கம்பெனியின் லேப்டாப் இல்லை. பத்து வருஷம் கழித்து அவர் என்ன செய்வார் என்று நினைத்தால்தான் கஷ்டமாக இருக்கிறது.

புகை இல்லையே என்பவர்களுக்கு: நம் கரண்டில் ஒரு பங்கு நெய்வேலி பழுப்பு நிலக்கரியிலிருந்து வருகிறது. ஜெயங்கொண்டத்திலும் அதே நிலக்கரிக்காக 1990களில் விவசாயிகளிடம் நிலம் எடுத்தார்கள், மின் நிலையம் வரவேயில்லை. ஆக புகை ஒழியவில்லை, இடம் மாறியிருக்கிறது. ஆனாலும் காற்றாலையும் சோலாரும் கூடக்கூட நேற்று வாங்கிய ஸ்கூட்டரும் சுத்தமாகிக்கொண்டே போகும். புல்லட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அதனால் என் தீர்ப்பு: விற்க வேண்டாம். ஒரு லட்சம் கடன், 11 சதவீத வட்டி, 36 மாதம் என்றால் தவணை சுமார் 3,275. அதில் 2,900 பெட்ரோலில் மிச்சமாகும் காசு. பாக்கி 375 ரூபாய்தான் மாதாமாதம் துண்டு விழுகிறது. அதை சித்தப்பா சிறுவாச்சூர் கோயிலுக்கு வாராவாரம் புல்லட்டில் போய்வருவதில் குறைத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.