எண்ணெய் குறைந்திருக்கிறதா?

2025 மழைக்காலம் முழுவதும் கரமனை அக்ரஹாரத்தின் அந்த வீட்டுக்குள் நுழைந்தவர்கள் காலைப் பார்த்துத்தான் வைக்க வேண்டியிருந்தது. திண்ணையைத் தாண்டினால் ரேழி. ரேழி முழுக்கப் பழைய மலையாள நாளிதழ்கள். அவற்றின் மேல் சின்னதும் பெரிதுமாக ஒரு மோட்டார் சைக்கிளின் உறுப்புகள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது. பூஜை அறைவரை பெட்ரோல் வாடை வருகிறது என்று வீட்டுப் பெரியம்மா தினமும் ஒருமுறை சொன்னார். சொல்லிவிட்டு, கார்புரேட்டரை ஊறவைக்கத் தன் பழைய எவர்சில்வர் வாளியை எடுத்துக்கொடுத்தவரும் அவர்தான்.

வண்டி, ராஜ்தூத் 350. டெக்னோபார்க்கில் மென்பொருள் வேலை பார்க்கும் நாற்பது வயதுக்காரர் ஒருவர் அதைப் பிரித்துப் போட்டிருந்தார். வண்டி அவருடையதல்ல. 1984-இல் அதை வாங்கியவர் அவருடைய சித்தப்பா. 1996-இல் கொல்லைப்புறத்தில் தார்ப்பாய் போட்டு மூடியவரும் அவரே. சித்தப்பா அதே தெருவில் நான்கு வீடு தள்ளி இருக்கிறார். சாயங்காலம் ஊன்றுகோலுடன் மெல்ல நடந்து வந்து திண்ணையில் உட்கார்வார். அதிகம் பேசமாட்டார். ஆனால் தெருவில் எங்காவது ஒரு டூ-ஸ்ட்ரோக் வண்டியின் சத்தம் கேட்டால் அவருடைய இடது கையின் இரண்டு விரல்கள் மடங்கும், கிளட்ச் பிடிப்பதுபோல.

இளைய வாசகர்களுக்கு இந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஜப்பானில் யமஹா ஆர்டி 350 வந்தது 1973-இல். ஒரு சில ஆண்டுகளிலேயே அதன் இடத்தில் ஆர்டி 400 வந்துவிட்டது. அங்கே நின்றுபோன வடிவத்தைத்தான் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் உரிமம் பெற்று 1983-இல் இந்தியாவில் கொண்டுவந்தது. 347 சிசி, இரண்டு சிலிண்டர், ஆறு கியர். ஜப்பானிய மூலத்தின் குதிரைசக்தி 39. இங்கே முதலில் வந்த ‘ஹை டார்க்’ வண்டிக்கு 30.5, 1985-க்குப் பிறகு வந்த ‘லோ டார்க்’குக்கு 27. அப்படிக் குறைத்தும்கூட, புல்லட்டும் யெஸ்டியும் பார்த்துப் பழகியிருந்த சாலையில் மணிக்கு 140 கிலோமீட்டரைத் தொடும் வண்டி என்பது வேறு கிரகத்துச் சரக்கு. ஜப்பானிய வண்டியின் முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் இருந்தது. இங்கே ஏழு அங்குல டிரம். ஆர்டி என்றால் ‘ரேபிட் டெத்’ என்று கல்லூரிப் பையன்கள் விரித்தது சும்மா இல்லை. விலை அதிகம், குடிக்கும் பெட்ரோலும் அதிகம். 1989-ஓடு தயாரிப்பு நின்றது. விற்காமல் போன வண்டிக்குத்தான் இன்று தேடிப் போய்ப் பணம் கொட்டுகிறார்கள். இப்படிச் சில விஷயங்களில் நம் ஜனங்களின் நேரக்கணக்கு எப்போதுமே கொஞ்சம் பிந்தியதுதான்.

மருமகள் முறையில் வந்த ஒரு பெண் கேட்டாராம்: “இத்தனை செலவுக்குப் புதுசு ஒண்ணு வாங்கிடலாமே?” கேள்வி நியாயமானது. பதில் சொல்லாமல் அவர் எஞ்சினைத் திறந்தார்.

வலது சிலிண்டரின் சுவரில் நீளவாக்கில் மங்கிய கோடுகள். 1991-இல் பொன்முடி இறக்கத்தில் விழுந்தவை. அதற்குப் பிறகு ஒருமுறை சிலிண்டரைத் துளைத்துப் பெரிதாக்கியும் ஆழமான ஒன்றிரண்டு கோடுகள் போகவில்லை. சித்தப்பாவின் முழங்காலும் அன்றுதான் போயிற்று. பிரேக் பிடிக்காமல் விழுந்தார் என்றுதான் வீட்டில் முப்பது வருடமாகச் சொல்லிவந்தார்கள். அவரும் மறுக்கவில்லை. பிரித்த எஞ்சினைப் பார்த்த பிறகுதான் உண்மையைச் சொன்னார். பழி பிரேக்கின் மேல் இல்லை. “பம்ப்பை நான்தாண்டா கழட்டினேன்.”

இது புரிய, டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்குள் கொஞ்சம் போக வேண்டும். புல்லட் போன்ற வண்டியில் எண்ணெய் அடியில் தேங்கி நின்று சுற்றிச் சுற்றி வரும். டூ-ஸ்ட்ரோக்கில் அப்படியில்லை. பெட்ரோலும் காற்றும் பிஸ்டனுக்குக் கீழே உள்ள அறை வழியாகத்தான் மேலே போகின்றன. ஆகவே எண்ணெயும் அவற்றோடு போய், உரசும் இடங்களை நனைத்துவிட்டு, எரிந்து, புகையாக வெளியேற வேண்டும். பெட்ரோல் பங்கில் எண்ணெய் கலந்து ஊற்றுவது பழைய முறை. யமஹா தன் வண்டிகளில் ‘ஆட்டோலூப்’ என்று ஒரு சிறிய பம்ப் வைத்தது. தனித் தொட்டியில் எண்ணெய். எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது, ஆக்ஸிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்ற இரண்டையும் பார்த்து பம்ப் அளந்து கொடுக்கும்.

அந்தக் காலத்தில் ஆர்டி வைத்திருந்தவர்கள் பலர் முதலில் செய்த காரியம் இந்தப் பம்ப்பைக் கழற்றியதுதான். ‘பம்ப் எப்ப நிக்கும்னு யாருக்குத் தெரியும், கலந்து ஊத்தினா நிம்மதி’ என்பது வாதம். சமதரையில் அது சரியாகவே ஓடும். மலையில்தான் கணக்குத் தப்புகிறது. பொன்முடியிலிருந்து 22 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது ஆக்ஸிலேட்டரை மூடிவிடுகிறோம். சக்கரம் எஞ்சினை இழுத்துச் சுழற்றுகிறது. எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறது. பெட்ரோலோ சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. பெட்ரோலில் கலந்த எண்ணெயும் அதே சொட்டுதான். பம்ப் இருந்திருந்தால், ஆக்ஸிலேட்டர் மூடியிருந்தாலும் எஞ்சின் சுழலும் வேகத்துக்கு ஏற்பக் கொஞ்சமாவது எண்ணெய் தந்துகொண்டிருக்கும். அது இல்லாததால் அலுமினியப் பிஸ்டன் சூடேறி வீங்கி, இரும்புச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. பின்சக்கரம் பூட்டுப் போட்டது மாதிரி நின்றது. கிளட்சை அழுத்தியிருந்தால் சக்கரம் விடுபட்டிருக்கும். ஒரு நொடி தாமதம். அந்த நொடிதான் இன்றும் அவருடைய இடது கை விரல்களில் இருக்கிறது.

அதனால் இந்த வீட்டில் ‘மாற்றி அமைப்பது’ என்ற சொல்லுக்குப் பயம் கலந்த மரியாதை உண்டு. இளைஞர்கள் செய்யும் மாற்றங்களில் பாதி, வண்டியைச் செய்தவன் ஏன் அப்படிச் செய்தான் என்று கேட்காமல் செய்பவை. சைலன்சரை எடுத்துக்கொள்ளுங்கள். அறுத்துவிட்டால் சத்தம் வரும், சத்தம் வந்தால் வேகம் வந்ததாக ஒரு நினைப்பு. டூ-ஸ்ட்ரோக்கில் அந்தக் குழாய் எஞ்சினின் ஓர் உறுப்பு. நடுவில் பருத்து, பிறகு குறுகும் அதன் வடிவம், வெளியே போகும் அழுத்த அலையைத் திருப்பி அனுப்புகிறது. தப்பி ஓடப்பார்க்கும் புதிய பெட்ரோல் கலவையை அந்த அலை சிலிண்டருக்குள் மறுபடி தள்ளுகிறது. இந்த வித்தையை 1950-களில் பட்டை தீட்டியவர் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனப் பொறியாளர் வால்டர் காடன். அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961-இல் ஸ்வீடன் பந்தயத்தின்போது நாட்டைவிட்டுத் தப்பினார். நேராக ஜப்பானின் சுஸுகியிடம் போனார். அடுத்த ஆண்டே சுஸுகிக்கு 50 சிசி உலகப் பட்டம். ஒரு மனிதன் தலைமறைவாகிக் கொண்டுபோன ரகசியத்தை, இங்கே இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு ஹாக்ஸா பிளேடால் அறுத்துத் தள்ளுகிறார்கள். வேகமும் குறைகிறது, தெருவின் தூக்கமும் கெடுகிறது.

இந்த வண்டியின் குழாய்கள் அறுபடவில்லை. ஆனால் துரு. திருவனந்தபுரத்தில் இரண்டு மழைக்காலம். வருடத்தில் பாதி காற்றே ஈரம். டேங்க்குக்குள் நட்டுகளையும் வினிகரையும் போட்டு, இரண்டு நாள் ஊறவைத்து, குலுக்கிக் கொட்டினால் தேநீர் நிறத்தில் வந்தது. மூன்றாவது முறைதான் தெளிந்தது. இப்போது இதில் இன்னொரு தொல்லை சேர்ந்திருக்கிறது. 20 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோல் 2025-இல் நாடு முழுக்க வந்துவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பரைக் கெடுக்கும். 1984-இன் ரப்பர் குழாய்களும் வாஷர்களும் இதை நினைத்துச் செய்யப்பட்டவையல்ல. அவர் அத்தனையையும் மாற்றினார். வாரக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் கார்புரேட்டரைக் காலி செய்துவிடுவது என்றும் முடிவு.

கிராங்க் சீல்கள் இரண்டும் முப்பது வருட ஓய்வில் கல்லாகியிருந்தன. இடது சீல் போனால் காற்று புகுந்து கலவை மெலிந்து பிஸ்டன் பிடிக்கும். வலது சீல் போனால் கியர்பாக்ஸ் எண்ணெயை உறிஞ்சி ஊரையே புகைமூட்டமாக்கும். சென்னை புதுப்பேட்டைக்குச் சொல்லிவைத்தது ஒன்று, டெல்லி கரோல்பாகிலிருந்து பார்சலில் வந்தது ஒன்று, சாலைக் கடைத்தெருவில் அளவு சொல்லித் தேடியது ஒன்று என்று உதிரிகள் சேர மூன்று மாதம் ஆயிற்று.

சிலிண்டரை நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனார். 65 கிலோமீட்டர், மடியில் துணி சுற்றிய இரண்டு சிலிண்டர்கள், பஸ் பயணம். பட்டறையின் ஆசான் விளக்கைப் பிடித்து உள்ளே பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி: “இதுக்கு முன்னாடி எத்தனை தடவை போட்டிருக்கு?” புதிதாக வரும்போது விட்டம் 64 மில்லிமீட்டர். தேய்ந்தால் கால் மில்லிமீட்டர் பெரிதாக்கி அதற்கேற்ற பிஸ்டன் போடலாம். 64.25, 64.50, 64.75, 65. அதோடு கணக்கு முடிந்தது. பிறகு உள்ளே புதுக் குழல் இறக்க வேண்டும். பொன்முடி விபத்து முதல் கால் மில்லிமீட்டரைச் சாப்பிட்டிருந்தது. மிச்சக் கோடுகளைப் போக்க இப்போது இரண்டாவது. பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவில் விடும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் நான்கு பாகம்தான். ஆசான் பிஸ்டனை விரலால் விட்டு, அது தன் எடையிலேயே இறங்கும் விதத்தைப் பார்த்துத் திருப்தியடைந்தார். பிறகுதான் மைக்ரோமீட்டரை எடுத்தார்.

பெயின்ட், ஒயரிங், சீட் எல்லாம் பணம் கொடுத்தால் நடக்கிற காரியம்.

பெரிய வாக்குவாதம் முன்பிரேக்கில் வந்தது. நண்பர் ஒருவர் புதிய வண்டி ஒன்றின் போர்க்கையும் டிஸ்க்கையும் இலவசமாகவே தருவதாகச் சொன்னார். பாதுகாப்புக்கு அதைவிட நல்ல மாற்றம் இல்லை. மூலத்தைப் போலவே இருக்க வேண்டும் என்று முகம் சுளிப்பவர்களை இந்த விஷயத்தில் பொருட்படுத்த வேண்டியதில்லை; ஜப்பானிய மூலத்திலேயே டிஸ்க்தானே இருந்தது. தயக்கம் வேறு இடத்திலிருந்து வந்தது. தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், உயர் நீதிமன்றம் காட்டிய தளர்வை ரத்து செய்து 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ என்கிறது. ‘மாற்றம்’ என்றால் வண்டியின் அடிப்படை அம்சம் மாறுவது என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. பிரேக் அடிப்படை அம்சமா? வக்கீலுக்கு வக்கீல் பதில் வேறுபடும். பதினைந்து வயது தாண்டிய வண்டி ஐந்து வருடத்துக்கொருமுறை பரிசோதனைக்குப் போய் நிற்க வேண்டும். கே.எல். 01 வருவதற்கு முந்திய பழைய எழுத்து வரிசை எண் கொண்ட இந்த வண்டியோ, காலாவதியான பதிவைப் புதுப்பிக்கக் காத்திருந்தது. சேஸிஸ் எண்ணின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் அதிகாரியின் எதிரில் வாதாட அவருக்குத் துணிவில்லை. அறுத்த சைலன்சரையும் நல்ல பிரேக்கையும் ஒரே தட்டில் வைக்கும் சட்டம் கொஞ்சம் முரட்டுத்தனமானதுதான்.

கடைசியில் டிரம்மையே வைத்துக்கொண்டார். ஆனால் அதற்காக மட்டும் இரண்டு வாரம் செலவழித்தார். புதிய லைனிங் ஒட்டி, டிரம்மின் வளைவுக்குச் சரியாகப் பொருந்தும்படி ஷூக்களைக் கடைசலில் தேய்த்தார். இந்த டிரம்மில் இரண்டு ஷூக்களும் முன்னின்று பிடிக்க வேண்டியவை. இணைக்கும் கம்பியின் நீளம் அரைச்சுற்று தவறினாலும் ஒன்றுதான் பிடிக்கும், மற்றது வேடிக்கை பார்க்கும். அரைச்சுற்று அரைச்சுற்றாகத் திருகிச் சரிசெய்தார். வண்டியில் அவர் செய்த ஒரே நிஜமான மாற்றம் வெளியே தெரியாதது: பிளாட்டினம் பாயின்ட்டுகளுக்குப் பதிலாக மின்னணு இக்னிஷன். பம்ப்பைச் சித்தப்பா ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் எண்ணெய்க்குள் போட்டு வைத்திருந்தார், அத்தனை வருடமும். ஒன்றும் சொல்லாமல் ஒருநாள் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார்.

நான்காவது உதையில் எஞ்சின் பேசிற்று. ரேழி முழுக்க நீலப் புகை. பெரியம்மா பூஜை அறைக் கதவைச் சாத்தினார்.

பதிவு புதுப்பிக்கப்பட்டு, முதல் 500 கிலோமீட்டர் ஊருக்குள் மெதுவாக ஓட்டிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் அவர் பொன்முடிக்குப் போனார். ஏறும்போது வண்டி கேட்டதையெல்லாம் கொடுத்தது. இறங்கும்போது 22 வளைவிலும் இடது கையின் இரண்டு விரல்கள் கிளட்ச் மேலேயே இருந்தன. கல்லாறு வந்ததும் ஓரமாக நிறுத்தினார். செல்பேசியில் ஏற்கெனவே மூன்று அழைப்புகள் தவறியிருந்தன. திருப்பி அழைத்தார்.

“இறங்கிட்டியா?”

“இறங்கிட்டேன், சித்தப்பா.”

“எண்ணெய் குறைஞ்சிருக்கா, பாரு.”

பக்கவாட்டு மூடியைத் திறந்து தொட்டிக்குள் குச்சியை விட்டுப் பார்த்தார். காலையில் போட்ட குறிக்குக் கீழே ஒரு விரல்கடை இறங்கியிருந்தது.

“குறைஞ்சிருக்கு.”

“சரி, மெதுவா வா,” என்று சொல்லிவிட்டுச் சித்தப்பா போனை வைத்தார்.